நெடுக்கா, குறுக்கா? நெல்லை டவுனில் ஒரு வீடு பாகமான கதை

அகலம் 21 அடி, நீளம் 148 அடி. மேல ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிற இந்த வீட்டைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்ல வேண்டும். மனை ஏழு சென்டுக்குக் கொஞ்சம் கூடுதல். பங்குக்காரர்கள் மூன்று பேர்: ஒரு அக்கா, அவருக்குக் கீழே இரண்டு தம்பிகள். சண்டை எதுவும் இல்லை, கோர்ட்டுக்கும் யாரும் போகவில்லை. ஆனாலும் அந்த வீடு இப்போது வீடாக இல்லை. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பாகப்பிரிவினைக்கு அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. டவுனில் பழைய வீடுகளுக்கு உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் டேப் பிடிக்கும் வாய்ப்பு என்னைப் போன்ற ஆட்களுக்குத்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் அந்த வீட்டின் கடைசிக் காலத்தில். பழைய வீடுகள் அழிவதற்குக் காரணம் கேட்டால் கரையான் என்பார்கள், மழை என்பார்கள், பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் டவுன் வீட்டைத் தீர்த்துக்கட்டுவது நடைபாதைதான். யார் பங்குக்கு எந்த வழியாகப் போவது என்ற ஒரே கேள்வி.

முதலில் இந்த மனைகள் ஏன் இப்படி ரிப்பன் மாதிரி நீண்டு கிடக்கின்றன என்பதைப் பார்த்துவிடுவோம்.

டவுன் என்று நாம் சொல்வது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம், தாமிரசபை இருக்கிற தலம். இப்போது நாம் பார்க்கிற கோயிலின் அமைப்பு பல கைகளில் உருவானது. சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபத்தை வடமலையப்ப பிள்ளையன் கட்டியது 1647-இல். நந்தி மண்டபம் 1654-இல், சிவந்தியப்ப நாயக்கர் கட்டியது. இந்த இரட்டைக் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். ஆனியில் தேர் ஓட வேண்டும், சுவாமி தேர் மட்டுமே 450 டன் இருக்கும் என்பார்கள், அது முக்குத் திரும்ப இடம் வேண்டும். அதனால் ரத வீதியில் வீட்டு முகப்பு எவ்வளவு முன்னால் வரலாம் என்பதைத் தேர்தான் தீர்மானித்தது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க எல்லோருக்கும் ஆசை, தெருவின் நீளமோ கொஞ்சம். ஆகவே முகப்பைச் சுருக்கி, பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போய்க்கொள் என்று ஆகிவிட்டது. ரத வீதியிலிருந்து பிரிகிற தெருக்களிலும் இதே கணக்குதான். கோயிலிலிருந்து தள்ளிப் போகப் போக முகப்பு அகலமாவதைக் கவனிக்கலாம்.

பின்னால் நீட்டிக்கொண்டே போனாலும் வீடு வறண்டுவிடாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் தண்ணீர். சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுனை ஒட்டி ஓடி நயினார்குளத்தை நிரப்புகிறது. குளம் நிறைந்தால் டவுன் கிணறுகளில் வாளியைக் கையால் எட்டி மோந்துகொள்ளலாம் என்று பழைய ஆட்கள் சொல்வதில் மிகை கொஞ்சம் உண்டுதான், ஆனால் புறவாசலில் கிணறு இல்லாத பழைய வீடு டவுனில் அபூர்வம்.

சரி, வீட்டுக்குள் போவோம்.

எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற கிரயப் பத்திரங்களில் பழையது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாளில் இருந்தது, அப்படியென்றால் 1911-க்கும் 1936-க்கும் இடைப்பட்டது. அந்தப் பத்திரத்திலேயே இதைப் பழைய காரைவீடு என்று எழுதியிருந்தார்கள். முன்கட்டில் மட்டப்பா என்கிற சமதளக் கூரை, நடுவில் சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு, பின்னால் தொழுவத்துக்கு நாட்டு ஓடு. சீமை ஓட்டை வைத்தும் கொஞ்சம் ஊகிக்கலாம். மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். நெல்லைக்கு ரயில் வந்தது 1876-இல், செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை முடிந்தது 1904-இல். ஆக நடுக்கட்டு ஓடு அதற்கப்புறம் மாற்றியதாகத்தான் இருக்கும், ஏனென்றால் கைமரங்களில் பழைய நாட்டு ஓட்டுக்கு நெருக்கமாக அடித்த ஆணித் துளைகள் அப்படியே இருந்தன.

தெருவிலிருந்து ஏறினால் திண்ணை. அப்புறம் தார்சா என்கிற முன்கூடம். தார்சாவில் ஒரு பக்கம் மச்சுக்குப் போகிற மரப்படி. தார்சாவைத் தாண்டினால் பட்டாசல் என்கிற பெரிய கூடம், அதன் நடுவில் எட்டுக்குப் பத்து அளவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நான்கு தேக்குத் தூண்கள். தூணுக்கு அடியில் கல். அதற்குப் பின் ரெண்டாங்கட்டு: அடுக்களை, பாத்திரம் கழுவுகிற அங்கணம், சாமான் அறை, சின்னதாக இன்னொரு முற்றம். அதையும் தாண்டினால் மங்களா என்கிற பின்பகுதி, கிணறு, தொழுவம், புறவாசல், கடைசியில் முடுக்கு. தெருவில் நின்று பார்த்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது கிணற்றடி வரை தெரியும். ஒரே நேர்கோட்டில் ஏழு நிலை. காற்று தெருவிலிருந்து நுழைந்து முற்றத்தில் மேலே போகும், இல்லை புறவாசலிலிருந்து வந்து தெருவுக்குப் போகும். மே மாதத்தில் அளக்கப் போனபோது பட்டாசலில் மின்விசிறி ஓடவில்லை, அதை யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

கட்டுமானத்தில் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகிற வில்லங்கம் இவற்றிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒன்று, சுவர். இரு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இந்த வீட்டுச் சுவரும். ஒன்றரை அடி கனம். வெளிப்பூச்சு சுண்ணாம்புக் காரை. உள்ளே செங்கல்லுக்கு இடையில் பல இடத்தில் வெறும் செம்மண் சாந்துதான். இது ஏமாற்று வேலை இல்லை. அந்தச் சுவர் எந்தக் காலத்திலும் மழை பார்க்கப்போவதில்லை என்று தெரிந்து கட்டியது. இந்தப் பக்கமும் வீடு, அந்தப் பக்கமும் வீடு, மேலே கூரை, பிறகு எதற்குச் சுண்ணாம்பை வீணாக்க வேண்டும்? தெரு முழுக்க இப்படித்தான். ஆளுக்கொரு பட்டா இருக்கலாம், ஆனால் கொத்தனார் கண்ணுக்குத் தெருவின் ஒரு வரிசை முழுவதும் ஒரே கட்டடம்.

இரண்டு, உத்தரம். மட்டப்பாவுக்கு அடியில் இருக்கிற பெரிய உத்தரங்களும் ஓட்டுக் கூரையின் முகட்டு உத்தரமும் தெருவுக்கு இணையாக, அதாவது வீட்டின் அகலத்துக்குக் குறுக்கே போகின்றன. இந்தப் பொதுச்சுவரில் ஒரு முனை, அந்தப் பொதுச்சுவரில் மறுமுனை, நடுவில் தூண்கள் தாங்கும். உத்தரங்களுக்கு மேலே நெடுகத் தேக்குக் கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. கட்டைகளின் மேல் ஒல்லியான செங்கல்லைக் குத்துக்கல்லாக, சாய்வாக, ஒரு மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டே போய், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அந்த அடியில்தான் இறுகும். மேலே தட்டோடு. இப்படிப் போட்ட மட்டப்பா நன்றாகப் பராமரித்தால் மூன்று தலைமுறை தாங்கும். எங்கே போகும் என்றால் உத்தரத்தின் முனையில் போகும், சுவருக்குள் புதைந்திருக்கிற அந்த ஒரு அடியில். சுவரில் ஈரம் ஏறினால் மரத்தின் முனை உளுக்கும், நடுவில் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்கும், முனையில் திருப்புளி குத்தினால் உள்ளே போய்விடும்.

புறவாசல் கிணறும் இப்படியே பொதுவானது. பொதுச்சுவர் கிணற்றின் நடு விட்டத்தின் மேல் வளைவு கட்டி நிற்கிறது. பாதிக் கிணறு இந்த வீட்டுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு உருளை, அந்தப் பக்கம் ஒரு உருளை. பத்திரத்தில் கிணற்றில் சரிபாதி பாத்தியம் என்று எழுதியிருக்கும். முகம் பார்க்காமல் இரண்டு வீட்டுப் பெண்கள் தண்ணீர் இறைத்தபடியே ஊர்க்கதை பேசிய இடம்.

இனி முடுக்கு. இதைச் சொல்லாமல் டவுன் வீட்டு அழகைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர், எனக்கு அது பிடிப்பதில்லை. நாலடி அகலத்தில் இரண்டு தெருக்களின் புறவாசல்களுக்கு நடுவே ஓடுகிற இந்தச் சந்து எதற்காக விடப்பட்டது? எடுப்புக் கக்கூசைச் சுத்தம் பண்ண வருகிறவர்கள் முன்வாசல் வழியாக, வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. புறவாசல் சுவரின் அடியில் ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும், வெளியிலிருந்து திறந்து எடுத்துப் போவதற்கு. அந்த முடுக்குக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயரை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதைத் தடை செய்து சட்டம் வந்தது 1993-இல்தான், மறுபடி 2013-இல் இன்னும் கடுமையாக. இந்த வீட்டில் அந்தத் தகரக் கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், அடைத்த கல்லின் நிறம் மட்டும் வேறு. திண்ணையைப் பற்றியும் இதே நேர்மையுடன் பேச வேண்டும். வழிப்போக்கர்கள் எல்லோரும் உட்கார்ந்து இளைப்பாறிய திண்ணை என்பார்கள். எல்லோரும் இல்லை, உட்காரக்கூடியவர்கள் மட்டும்.

அந்த முடுக்குதான் பாகப்பிரிவினையின்போது இந்த வீட்டின் மிக விலையுயர்ந்த சொத்தாக மாறியது.

தகப்பனார் காலமானதும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மூத்த தம்பி சென்னையில், இளையவர் டவுனிலேயே சின்னதாகக் கடை வைத்திருக்கிறார், குடியிருப்பது பெருமாள்புரத்தில். அக்கா மட்டும்தான் வீட்டில் இருந்தார். சம பங்கு என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அது பெரிய விஷயம். இந்த வீடுகள் கட்டின காலத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டை ஆண்பிள்ளைகள் பங்கிட்டார்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1989-இல் தமிழ்நாட்டின் திருத்தம், 2005-இல் மத்தியத் திருத்தம் என்று வந்து கணக்கு மாறியது, மாறவேண்டியதுதான். ஆனால் 21 அடி முகப்புக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாதே. இரண்டாக வெட்டினாலே நெருக்கடி, மூன்றாக வெட்டினால்?

வழக்கமாக டவுனில் நெடுக்குவாக்கில்தான் வெட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் தெருவில் முகப்பு கிடைக்கும், ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க வேண்டியதில்லை. இங்கே அப்படிச் செய்தால் ஆளுக்கு ஏழு அடி. சுவர் கனம் போக உள்ளே ஐந்தே முக்கால், ஆறு. கட்டிலைக் குறுக்கே போட்டால் கால் நீட்ட முடியாது. குறுக்குவாக்கில் வெட்டினால் தார்சாவும் பட்டாசலும் ஒருவருக்கு, ரெண்டாங்கட்டு ஒருவருக்கு, மங்களாவும் கிணறும் ஒருவருக்கு என்று அருமையாகப் பிரியும், ஒரு உத்தரத்தைக்கூடத் தொட வேண்டாம், முற்றங்கள் முழுசாக நிற்கும். ஆனால் பின்கட்டுக்காரர்கள் போக ஒரு பக்கமாக மூன்றரை அடிக்குப் பாதை விட வேண்டும். அந்தப் பாதை முன்கட்டுக்காரரின் திண்ணையைத் தின்னும், பட்டாசலின் ஒரு தாழ்வாரத்தைத் தின்னும்.

நான் குறுக்கு என்றுதான் வரைந்து கொடுத்தேன். அதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிற வளவைப் போய்ப் பாருங்கள் என்றேன்.

வளவு பற்றிச் சொல்லாமல் நெல்லை டவுன் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. தெருவில் பார்த்தால் ஒரே ஒரு வாசல். உள்ளே போனால் ஒரு நீண்ட பொது நடை, அதன் ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ வரிசையாகக் குடித்தனங்கள், கடைசியில் பொதுக் கிணறு, பொதுக் கக்கூஸ். ஒரு வளவில் நாலு குடித்தனமும் இருக்கும், பத்தும் இருக்கும். வாடகைக்கென்றே கட்டின வளவுகள் உண்டு, கோயிலைச் சேர்ந்த பிழைப்பு, கடை, பள்ளிக்கூடம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களுக்காக. ஆனால் நான் அளந்த வளவுகளில் பலவற்றில் கவனித்தது வேறு. சுவர்களின் கனத்தைப் பிடித்துக்கொண்டே போனால், ஒன்றரை அடிச் சுவர் எங்கே, முக்கால் அடிச் சுவர் எங்கே என்று பிரித்து வரைந்தால், அடியில் ஒரு பழைய கட்டு வீடு தெரிய ஆரம்பிக்கும். பட்டாசல் தாழ்வாரம்தான் நடையாக மாறியிருக்கும். ரெண்டாங்கட்டின் முற்றம்தான் பிள்ளைகள் விளையாடுகிற பொது இடம். அதாவது அந்தக் காலத்துப் பங்காளிகள் வீட்டைக் குறுக்கே பிரித்து, ஒரு பக்கம் பாதை விட்டு, அவரவர் கட்டில் இருந்துகொண்டார்கள். அடுத்த தலைமுறை அந்தக் கட்டுகளை வாடகைக்கு விட்டது. வளவு பிறந்தது. பெரிய வீடுகளைப் படம் எடுத்துப் போட்டு ஆகா ஓகோ என்கிறவர்கள் வளவைச் சேரி மாதிரி பார்த்துவிட்டு நகர்கிறார்கள். நூறு வருஷமாகப் பாகப்பிரிவினையைத் தாங்கி நிற்கிற ஒரே வடிவம் டவுனில் அதுதான்.

சட்டமும் இதற்கு எதிரி இல்லை. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டமே பாகப்பிரிவினையில் ஒரு பங்குக்குப் போக வேறு வழியே இல்லையென்றால் மற்றப் பங்கின் வழியாகப் போக உரிமை உண்டு என்று சொல்கிறது. பத்திரத்தில் அகலத்தோடு எழுதிவிட்டால் முடிந்தது.

மூத்த தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "நான் விக்கிறதா இருந்தா பொதுநடை போற எடத்தை எவன் அண்ணாச்சி வாங்குவான்? பேங்க்ல லோன் கேட்டாலும் தனிவாசல் இருக்கான்னுதான் கேக்கான்." இளையவருக்கும் தெருமுகப்பு வேண்டும், கடைக்கு ஆகும். இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா சொன்னார்: "எனக்குக் கெணறும் பொறவாசலும் போதும்டே. வாசலை நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கிடுங்க. நான் முடுக்கு வழியா போய்க்கிடுதேன்."

யாரை வீட்டுக்குள் விடக் கூடாதென்று முடுக்கு விட்டார்களோ அந்த முடுக்கு, அந்த வீட்டிலேயே பிறந்த மூத்த பெண்ணுக்கு முன்வாசலாயிற்று. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "வெயிலு இல்ல, வண்டி வராது, பூனை மட்டுந்தான் வரும்" என்று சிரித்தார்.

இப்படியாகக் கலப்பு முறையில் பிரித்தது. பின்னால் இருந்த ரெண்டாங்கட்டின் கடைசிப் பகுதி, மங்களா, கிணறு, தொழுவம் அக்காவுக்கு. முன்னால் இருந்ததை நெடுக்குவாக்கில் இரண்டாக, ஆளுக்குப் பத்தரை அடி. நடுவே முக்கால் அடி கனத்தில் ஹாலோ பிளாக் சுவர். சுவர் முற்றத்தின் நடுவில் போனது. எட்டு அடி முற்றம் இரண்டு பக்கமும் மூன்றரை மூன்றரையாகப் போய், முற்றம் என்பது போய், வெளிச்சம் விழாத கிணறு மாதிரி ஆனது. நான்கு பக்கக் கூரையின் தண்ணீரும் விழுந்து ஒரே மடை வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த இடம் அது. மடை மூத்தவர் பங்கில் மாட்டிக்கொண்டது. இளையவர் பங்கில் விழுந்த தண்ணீருக்கு வழியில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். மூத்தவர் தன் பாதியை விற்றார். வாங்கியவருக்குச் சரக்கு வைக்கக் கிட்டங்கி தேவை, பழைய கட்டடம் தேவையில்லை. இடிக்க ஆள் வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது: உத்தரம் யாருக்கு? இந்தப் பொதுச்சுவரிலிருந்து அந்தப் பொதுச்சுவர் வரை பத்தொன்பதரை அடிக்கு ஒரே மரமாகப் போகிற தேக்கு. பத்திரத்தில் மண் பிரிந்தது, மனை பிரிந்தது, உத்தரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைச் சரியாக நடுவில் அறுத்தால் இளையவர் பக்கத்து மட்டப்பாவைத் தாங்க ஒரு முனைதான் இருக்கும். கொத்தனார் கையை விரித்தார். "அறுத்தா மேல இருக்கது என்ன அந்தரத்துலயா நிக்கும்?" கடைசியில் புது ஹாலோ பிளாக் சுவருக்குள் கான்கிரீட் தூண்கள் எழுப்பி, ஒவ்வொரு உத்தரத்துக்கும் அடியில் முட்டுக்கொடுத்து, அப்புறம் அறுத்தார்கள். இளையவருக்கு இந்தச் செலவு எதிர்பாராதது. இதற்கு யார் பணம் தருவது என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள் முதல் மனக்கசப்பு. அதுவரை இருந்த சுமுகம் ஒரு மரத்துண்டில் போயிற்று.

இடித்த பிறகு அந்தப் பக்கத்துப் பொதுச்சுவர் வெட்டவெளியில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் அது, பாதி. உள்ளே செம்மண் சாந்து என்று சொன்னேன் அல்லவா. கிட்டங்கி கட்டுவதற்கு அனுமதி, பணம் என்று தாமதமாகி, ஒரு ஐப்பசி மழை முழுவதும் அந்தச் சுவர் நனைந்தது. வாங்கியவர் நல்ல எண்ணத்தில்தான் சிமெண்டுப் பூச்சு அடித்துக் கொடுத்தார். அதுதான் கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் வெளியே விட வழியில்லாமல் ஈரம் பக்கத்து வீட்டுக்குள் போய் இறங்கும். அந்தப் பக்கத்து வீட்டுப் பூஜை அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது. உத்தர முனைகள் இருப்பது அந்தச் சுவரில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அதில் பக்கத்து வீட்டு மச்சின் ஒரு மூலை கீழே இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாகப்பிரிவினையில் சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டில், யாருடைய கையெழுத்தும் இல்லாமல், இந்த வீட்டின் வெட்டு போய் விழுந்தது.

அந்த மழையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. இளையவர் பங்கில் இப்போது திண்ணைக்கு ஏற இரண்டு படிதான். பழைய போட்டோவில் ஐந்து படி. படி குறையவில்லை, தெரு ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டு உயர்த்தினால் இதுதான் நடக்கும். முன்பு தெருவுக்கு ஓடிய முற்றத்துத் தண்ணீர் இப்போது தெருவிலிருந்து முற்றத்துக்கு வருகிறது. அவர் தார்சாவில் அரையடி உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கிக்கொள்கிறார்கள்.

அக்கா பங்கு? அதுதான் வேடிக்கை. பழைய வீட்டில் இன்றைக்கு ஒழுங்காக நிற்பது அந்தப் பின்பகுதி மட்டும்தான், குறுக்கே வெட்டியதால். உத்தரம் முழுசு, பொதுச்சுவர் இரண்டு பக்கமும் மூடியபடியே இருக்கிறது, சின்ன முற்றத்தில் வெயில் விழுகிறது. பாதிக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர். முன்னால் இருக்கிற இரண்டு பங்குக்காரர்களும் ஆழ்துளை போட வேண்டியிருந்தது. ஆனால் அக்காவுக்கும் குறை உண்டு. நாலடி முடுக்கில் ஆம்புலன்ஸ் வராது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் தெருமுனையில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறான். தபால்காரர் பழைய கதவு எண்ணுக்கே போய்த் தம்பியிடம் கொடுத்துவிடுகிறார்.

நீதிமன்றம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: 1893-ஆம் வருஷத்துப் பார்ட்டிஷன் சட்டப்படி, சொத்தை நியாயமாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், மொத்தமாக விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லலாம். பல வீடுகள் அப்படித்தான் போகின்றன. மொத்தமாக விற்றால் வாங்குகிறவர் மொத்தமாக இடிப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். பழைமை பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் முகப்பையும் தூணையும் பட்டியல் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பத்திர எழுத்தர்களுக்கு ஒரு பாடம் நடத்தலாம். உத்தரம், பொதுச்சுவர், மடை, கூரைத் தண்ணீர் விழுகிற இடம், இந்த நான்கும் பாகப்பத்திரத்தில் தனித்தனி வரியாக வந்தால் டவுனில் பாதி வீடு பிழைத்துக்கொள்ளும்.

போன மாதம் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு அளக்கக் கூப்பிட்டார்கள், பங்குக்காரர்கள் நான்கு பேர், முகப்பு இருபத்துமூன்று அடி. வந்தவுடன் அறைகளை அளக்காமல் நடையை முதலில் வரைந்தேன். மூன்றரை அடி என்று குறித்தேன். அந்த வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ஸ்கூட்டர் போகுமா என்று. நேராகப் போகும், ஆனால் கிணற்றடியில் திருப்ப வேண்டுமென்றால் நாலரை வேண்டும், இல்லையென்றால் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான் என்றேன். பேரன் ஒருவனை அனுப்பி, தெருவில் நின்ற வண்டியை உள்ளே ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார். தார்சாவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.